கடைக்குறை

செய்யுளில் சொற்கள் எழுத்திழந்து நிற்பதுண்டு. 'தாமரை' தலையெழுத்தை இழந்து 'மரை' என வரும், இது தலைக்குறை. 'ஓந்தி' இடையெழுத்தை இழந்து 'ஓதி' என வரும், இது இடைக்குறை. 'நீலம்' ஈறு இழந்து 'நீல்' என வரும், இது கடைக்குறை. எழுத்துக் குறைந்தாலும் பொருள் குறையாது என்பதே இவ்விகாரத்தின் இயல்பு. மரை என்றாலும் தாமரையே. நீல் என்றாலும் நீலமே. புலவர் ஓசையின் பொருட்டு எழுத்தை வெட்டினார், பொருளின்மேல் கைவைக்கவில்லை.

மனித உடலுக்குள்ளும் இவ்வாறு வெட்டுப்படும் சொற்கள் இருக்கின்றன. அங்கே எழுத்துகள் இருபது. அமினோ அமிலங்கள் என்று பெயர். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சிறு மாலைகளைப் பெப்டைடுகள் என்கிறார்கள். அவற்றுள் சில ஹார்மோன்களாகிக் குருதியின் வழியே செய்தி கொண்டு செல்கின்றன. எட்டெழுத்து, ஒன்பதெழுத்து, அவ்வளவுதான் அவற்றுள் சிலவற்றின் நீளம். ஆனால் இங்கே கடைக்குறை நேர்ந்தால் பொருள் தப்பாது. ஈற்றில் இரண்டெழுத்துப் போனதும் ஊமையாயிருந்த ஒரு சொல் பேசத் தொடங்குகிறது. ஈற்றில் இரண்டெழுத்துப் போனதும் பேசிக்கொண்டிருந்த மற்றொரு சொல் ஊமையாகிவிடுகிறது. இரண்டையும் வெட்டுவது ஒரே கத்தி. குருதி ஓடும் வழி சுருங்குவதும் விரிவதும், உறைந்த குருதி கரைவதும் கரையாமற் போவதும் பெரிய அளவில் இந்த வெட்டைப் பொறுத்திருக்கின்றன.

தமிழிலக்கியம் பயின்று தமிழ் கற்பித்து வரும் நமக்கு இந்தத் துறையில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நம்மை இதற்குள் இழுத்து வந்தது எம் தாயாரின் இருமல்.

தாயாருக்கு எழுபது வயது கடந்த பின் இரத்த அழுத்தம் கண்டது. எனலாபிரில் என்னும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அழுத்தம் கட்டுக்குள் வந்தது. சில வாரங்களில் இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் ஏதோ அரிப்பதுபோல் வறட்டிருமல். பகலில் பொறுத்துக்கொள்ளலாம், படுத்தால் விடாது. தூதுவளை ரசம், ஆடாதொடைக் கஷாயம், சுக்கு மிளகு திப்பிலி என்று வீட்டு வைத்தியம் எல்லாம் ஆயிற்று. பிறகு மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, காசநோய் குறித்த பயம். இருமல் மருந்துப் புட்டிகள் அலமாரியில் வரிசையாக நின்றன. நான்கு மாதங்கள் இப்படிக் கழிந்தன. ஒருநாள் தாயார் சொன்னார்: "எனக்கு வர்ற நோயெல்லாம் இந்த மாத்திரைப் பையிலேருந்துதான் வருது. எல்லாத்தையும் நிறுத்திப்புடப் போறேன்." அதை முதுமையின் சலிப்பு என்றே வீட்டில் எல்லோரும் கொண்டோம்.

வேறோர் ஊரில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தபோது இருமல் அதிகமாகி, அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் நெஞ்சில் குழல் வைப்பதற்கு முன்பே, "பாட்டி, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அட்டையைக் காட்டுங்க" என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இருமல் உங்களுக்கு இல்ல பாட்டி, இந்த மாத்திரைக்கு." மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரங்களில் இருமல் அடங்கியது.

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை ஏன் இருமலை வரவழைக்க வேண்டும்? குருதிக்கும் தொண்டைக்கும் என்ன உறவு? இந்தக் கேள்வியை விட நமக்கு மனம் வரவில்லை. அடுத்த கோடை விடுமுறை முழுவதும் படித்தோம். அறிவியல் துறை நண்பர்களைத் தொந்தரவு செய்தோம். அப்போது கிடைத்தவற்றையே இங்கே பகிர்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'இரத்தக் குழாய்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஊர்வழக்கில் 'நரம்பு' என்பர். ஊசி போடுபவர் "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறார். நூல்வழக்கில் 'நாளம்' என்றும் உண்டு. நாளம் என்பதற்கு உள்ளே துளையுடைய தண்டு, தாமரைத் தண்டு என்று பொருள். மூன்றில் நம்மை அதிகம் ஏமாற்றுவது குழாய் என்னும் சொல்தான். குழாய்க்கு உயிரில்லை, தண்ணீர் வந்தால் விடும், அடைத்தால் நிற்கும். தண்டுக்கு உயிருண்டு.

1980ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். அசிட்டைல்கோலின் என்னும் பொருளை அவற்றின்மேல் இட்டால் சில துண்டுகள் தளர்ந்து விரிந்தன; சில விரியவில்லை. காரணத்தைத் தேடியபோது, விரியாத துண்டுகளின் உட்புறம் தயாரிப்பின்போது உராய்ந்து, உள்ளேயிருந்த மெல்லிய படலம் போயிருந்தது தெரியவந்தது. எண்டோதீலியம் எனப்படும் அந்தப் படலம் ஒரே ஒரு செல் அளவு கனமே உடையது. அதுவரை அதை வெறும் பூச்சு என்றே பலரும் எண்ணியிருந்தனர். அதுவே செய்தியைக் கேட்டு, வெளியிலுள்ள தசைக்கு 'தளர்க' என்று சொல்லி அனுப்புகிறது என்று ஃபர்ச்காட் காட்டினார். அந்தச் செய்தியைச் சுமப்பது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் தெளிவாயிற்று. 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை இதற்காக அவரும் வேறு இருவரும் பெற்றனர். ஆக, நாளத்தின் உட்சுவருக்குக் காது உண்டு. அதன் காதில் விழும் இரண்டு சொற்களே நம் கதைக்குரியவை.

முதற்சொல்லின் வரலாறு சிறுநீரகத்தில் தொடங்குகிறது. 1898இல் ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டைகர்ஸ்டெட், பெர் பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை முயலுக்கே செலுத்தினர்; இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். பிறகு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரக நாடியைக் கிடுக்கியிட்டு இறுக்கி, நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். அப்போது பழைய ரெனின் மீண்டும் நினைவுக்கு வந்தது. ரெனின் தானே அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அது குருதியிலுள்ள ஒரு பெரும் புரதத்தை வெட்டி, அதிலிருந்து ஒரு சிறு பெப்டைடை விடுவிக்கிறது. இதை 1939, 1940 ஆண்டுகளில் இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் கண்டன. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் எடுவார்டோ பிரவுன் மெனெண்டஸ் குழு அதற்கு 'ஹைபர்டென்சின்' என்று பெயரிட்டது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ் குழு 'ஆஞ்சியோடோனின்' என்று பெயரிட்டது. ஒரு பொருளுக்கு இரு பெயர் இருபது ஆண்டுகள் வழங்கின. 1958இல் இரு தலைவர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அவர் பெயரிலிருந்து முற்பாதி, இவர் பெயரிலிருந்து பிற்பாதி, 'ஆஞ்சியோடென்சின்' பிறந்தது. அடுத்த ஆண்டே பிரவுன் மெனெண்டஸ் விமான விபத்தில் இறந்தார். கலைச்சொல்லுக்காகப் பல்லாண்டுகள் சண்டையிடும் நம் புலமை உலகத்துக்கு இந்த ஒட்டுச்சொல் ஒரு பாடம்.

ரெனின் வெட்டித் தரும் ஆஞ்சியோடென்சினுக்குப் பத்தெழுத்து. அது ஏறக்குறைய ஊமை. ஈற்றிலிருந்து இரண்டெழுத்து நீங்கி எட்டெழுத்தானதும், நம் உடலின் வலிமையான நாளச் சுருக்கிகளுள் ஒன்றாகிறது. நாளத்தின் தசையை இறுக்குகிறது. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கச் செய்கிறது. இந்த வெட்டைச் செய்யும் நொதியை 1956இல் கிளீவ்லாந்தில் லெனர்ட் ஸ்கெக்ஸ் குழுவினர் விவரித்தனர். ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி என்பது அதன் பெயர், சுருக்கமாக ஏ.சி.இ. என்பர். நாம் கத்தி என்றே சொல்வோம். அது நாளத்தின் உட்படலத்தில் வேரூன்றி, குருதியோட்டத்துக்குள் தலைநீட்டி நிற்கிறது. நுரையீரலின் நாளங்களில் மிகுதி.

இரண்டாம் சொல் பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்த துப்பு. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் மவுரீசியோ ரோஷா இ சில்வா, வில்சன் பெரால்டோ, காஸ்தாவ் ரோசன்ஃபெல்டு மூவரும் அந்நாட்டு விரியன் இனமான ஜராராக்காவின் நஞ்சை ஆராய்ந்து வந்தனர். அது கடித்தவரின் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். நஞ்சு செலுத்தப்பட்ட நாயின் குருதியை எடுத்துக் கினிப்பன்றியின் குடல் துண்டில் இட்டபோது, குடல் மெல்ல மெல்லச் சுருங்கியது. அதுவரை அறிந்திருந்த ஹிஸ்டமின் விரைந்து செயற்படுவது, இது நிதானமானது. அதனால் கிரேக்க மொழியில் மெதுவான அசைவு என்னும் பொருள்பட 'பிராடிகைனின்' என்று பெயரிட்டு 1949இல் வெளியிட்டனர். அது நஞ்சிலிருந்து வந்ததன்று. நம் குருதியிலேயே உறங்கும் புரதமொன்றிலிருந்து நஞ்சு அதை விடுவித்திருக்கிறது. ஒன்பதெழுத்து. குடலை மெல்ல அசைப்பதால் பெயர் பெற்றாலும், நாளங்களை விரிப்பதில் அதற்கு மந்தம் இல்லை. உட்படலத்தின் காதில் அது விழுந்ததும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு நாளம் விரிகிறது. ஆனால் ஆயுள் மிகக் குறைவு. அரை நிமிடம்கூடத் தாங்காது. நுரையீரலை ஒருமுறை கடந்து செல்லும்போதே பெரும்பகுதி அழிந்துவிடும். ஊர்விட்டு ஊர் செல்லும் ஹார்மோன் அன்று அது; பிறந்த இடத்திலேயே சொல்லவந்ததைச் சொல்லிவிட்டு மறைவது.

அதை அழிப்பது எது என்று தேடியவர்கள் ஒரு நொதியைக் கண்டனர்; அதற்கு வேறு பெயரும் இட்டனர். எர்வின் எர்டோஷ் குழுவினர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதுவும் ஏ.சி.இ.யும் ஒன்றே என்று நிறுவினர். ஒரே கத்தி பத்தெழுத்தின் ஈற்றில் இரண்டை வெட்டிச் சுருக்கியை உயிர்ப்பிக்கிறது. ஒன்பதெழுத்தின் ஈற்றில் இரண்டை வெட்டி விரிப்பியைச் சாகடிக்கிறது. இரண்டு வேலைகளும் ஒரே திசையை நோக்கியவை: நாளம் சுருங்கட்டும் என்பதே.

மீண்டும் பாம்புக்கு வருவோம். ரோஷா இ சில்வாவின் மாணவர் செர்ஜியோ ஃபெரெய்ரா, அதே ஜராராக்காவின் நஞ்சில் பிராடிகைனினை அழியவிடாமல் காக்கும் பொருளொன்றும் இருப்பதை 1965இல் காட்டினார். அந்த நஞ்சுச் சாற்றோடு அவர் இலண்டனுக்கு, ஜான் வேனின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கே அது ஆஞ்சியோடென்சின் மாற்றத்தையும் தடுப்பது தெரிந்தது. பாம்பு கத்தியின் கூரை மழுக்கும் வித்தையை முன்பே கற்றிருந்தது! அந்த நஞ்சுப் பெப்டைடை ஊசி வழியே மட்டுமே செலுத்த முடிந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து, வாய்வழி உண்ணத்தக்க சிறு மூலக்கூற்றை ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மன், மிகேல் ஒண்டெட்டி இருவரும் வடித்தனர். கேப்டோபிரில் என்னும் அம்மருந்துக்கு 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாபிரில் அதற்குப் பின்வந்த தம்பி.

தாயாரின் இருமலுக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். கத்தி மழுங்கியதால் சுருக்கி குறைந்தது, அழுத்தம் இறங்கியது. அதே காரணத்தால் பிராடிகைனின் வெட்டுப்படாமல் மூச்சுவழியில் தேங்கியது. அங்குள்ள நரம்பு நுனிகளைச் சீண்டியது. சப்ஸ்டன்ஸ் பி என்னும் மற்றொரு பெப்டைடும் இவ்வாறு தேங்குவதாகக் கருதுகிறார்கள். இந்த மருந்து வகையை உட்கொள்வோருள் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர் வரை இருமல் காண்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன; பெண்களுக்கு அதிகம். மருந்து வேலை செய்யாததால் வந்த இருமல் அன்று அது. வேலை செய்ததால் வந்தது.

இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். படித்துக்கொண்டே சென்றபோது எதிர்பாராத ஓரிடத்தில் வந்து நின்றோம்.

குருதி உறைவதை நாம் அறிவோம். கையில் கத்தி பட்டால் கண்முன் காண்கிறோம். உறைந்தது கரைவதை யாரும் கவனிப்பதில்லை. நாளத்துக்குள் ஆங்காங்கே சிறு உறைவுகள் தோன்றுகின்றன. ஃபைப்ரின் என்னும் நார்ப்புரதம் வலைபின்னி அவற்றைக் கட்டிவைக்கிறது. கட்டத் தெரிந்த உடலுக்கு அவிழ்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்மினோஜென் என்னும் புரதம் குருதியில் உறக்கநிலையில் சுற்றிவருகிறது. அதை எழுப்பினால் பிளாஸ்மின் ஆகி, ஃபைப்ரின் வலையைத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. கொரோனாக் காலத்தில் பலர் வீட்டுக் கோப்புகளில் இடம்பெற்ற 'டி-டைமர்' பரிசோதனை இந்த நறுக்கிய துண்டுகளில் ஒருவகையை அளப்பதே. பிளாஸ்மினோஜெனை எழுப்புவது டி.பி.ஏ. எனப்படும் நொதி. அதைச் சேர்த்து வைத்திருந்து, சமயத்தில் வெளியிடுவது அதே உட்படலம். டி.பி.ஏ.யைப் பிடித்து முடக்கவும் ஒரு புரதம் உண்டு; பி.ஏ.ஐ.-1 என்று பெயர். அவிழ்ப்பவன் ஒருவன், அவன் கையைப் பிடிப்பவன் ஒருவன். இருவருக்கும் இடையிலுள்ள நிறையே உறைவு கரையுமா, வளருமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனிதர்க்கு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபோது குருதியில் பி.ஏ.ஐ.-1 கூடியதைப் பால் ரிட்கர், டக்ளஸ் வான் முதலியோர் காட்டினர். சில ஆண்டுகளில் வானும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் நான்சி பிரவுனும், பிராடிகைனினைச் செலுத்தியபோது டி.பி.ஏ. கூடுவதைக் காட்டினர். கத்தியை மழுக்கும் மருந்து கொடுத்திருந்தால் அது மேலும் கூடியது. ஆக, அழுத்தத்தை ஏற்றும் அதே சொல் அவிழ்ப்பவன் கையைப் பிடிக்கச் சொல்கிறது. அழுத்தத்தை இறக்கும் அதே சொல் அவிழ்ப்பவனை அனுப்பிவைக்கிறது. நாளம் அகலுவதும் உறைவு கரைவதும் இரு வேறு துறைகள் என்று எண்ணியிருந்தோம். ஒரே கத்தியின் இருபுறங்கள் அவை.

தலைக்குறையும் இங்கே உண்டு. எட்டெழுத்து ஆஞ்சியோடென்சின் தலையில் இரண்டெழுத்து இழந்தால் ஆறெழுத்தாகிறது. ஆய்வகத்தில் வளர்த்த உட்படலச் செல்களில் பி.ஏ.ஐ.-1ஐத் தூண்டியது இந்த ஆறெழுத்துதான் என்று 1995இல் ஓர் ஆய்வு சொன்னது. உயிருள்ள மனிதரில் எட்டா, ஆறா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. மற்றொரு வெட்டும் உண்டு. 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஏ.சி.இ.-2 என்னும் நொதி, எட்டெழுத்தின் ஈற்றில் ஓரெழுத்தை மட்டும் நீக்கி ஏழாக்குகிறது. அந்த ஏழெழுத்து, எட்டுக்கு மாறாக நாளத்தை விரிக்கிறது. 2020இல் கொரோனாக் கிருமி நம் செல்களுக்குள் நுழையப் பற்றிய கைப்பிடி இந்த நொதியே. பத்து, எட்டு, ஏழு, ஆறு: ஒரே சொல்லின் நான்கு வெட்டுகள், வெவ்வேறு பொருள்கள்.

இவ்விடத்தில் எம் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். 1999ஆம் ஆண்டு மார்கழியில், காலை ஆறரை மணிக்கு, திண்ணையில் செய்தித்தாளோடு அமர்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. வண்டி வந்து மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. "விடியக்காலையில், அதுவும் உட்கார்ந்திருக்கும்போது எப்படி?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நேற்றிரவு நன்றாகத்தானே இருந்தார் என்று தாயார் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரடைப்புகள் நாள் முழுவதும் சமமாகப் பரவி நிகழ்வதில்லை. காலை ஆறிலிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில் மிகுதி என்பதை 1985இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது. அதற்குக் காரணங்கள் பல. விழித்தெழும்போது அழுத்தம் ஏறுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, குருதித் தட்டுகள் எளிதில் ஒட்டுகின்றன. பி.ஏ.ஐ.-1இன் அளவும் உடலின் உட்கடிகாரத்துக்கு இசைந்து விடியலில் உச்சம் தொடுகிறது. அந்த வேளையில் அவிழ்ப்பவனின் கை மிகுதியும் கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் காலை தந்தையாரின் நாளத்தில் நடந்தது இதுவே என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயிரம் பேரைப் பற்றிய கணக்கு ஒருவரைப் பற்றிய சான்றாகாது. எனினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் பதிலின்றிக் கிடந்த 'விடியக்காலையில் எப்படி' என்னும் கேள்விக்கு, அது அப்படியொன்றும் வியப்பான நேரமன்று என்னும் அளவுக்காவது ஒரு மறுமொழி கிடைத்தது. அதைத் தாயாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப, அதுக்கு முந்தின நாள் நான் செஞ்ச வடையினால இல்ல" என்றார். அப்படியொரு எண்ணம் இத்தனை ஆண்டுகளாக அவருக்குள் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்தக் கதையில் ஒருவரை வில்லனாக்கிவிட மனம் விரைகிறது. அது பொருந்தாது. விபத்தில் குருதி கொட்டும்போதும், வாந்தி பேதியில் நீர் வற்றும்போதும் உயிரைப் பிடித்து வைப்பவற்றுள் ஆஞ்சியோடென்சின் முதன்மையானது. உறைவு உடனே கரைந்துவிடாமல் காக்கும் பி.ஏ.ஐ.-1 பிறவியிலேயே இல்லாதவர்கள் சிறு அறுவைக்கும் பற்சிகிச்சைக்கும் பின் குருதிப்போக்கால் துன்புறுகிறார்கள். பிராடிகைனினோ வலியையும் வீக்கத்தையும் தருவதில் வல்லது. ஏ.சி.இ. தடுப்பு மருந்து உண்பவர்களுள் மிகச் சிலருக்கு உதடும் நாவும் திடீரென்று வீங்குவதுண்டு. மூச்சுவழி அடைபடும் ஆபத்து அது. பக்கவாதத்துக்கு உறைவைக் கரைக்க டி.பி.ஏ. மருந்தை ஊசியாகச் செலுத்தும்போது, முன்பே இம்மாத்திரை உண்டுவருபவர்க்கு இவ்வீக்கம் நேரும் வாய்ப்புக் கூடுதல். டி.பி.ஏ. எழுப்பும் பிளாஸ்மின் தன் பங்குக்குப் பிராடிகைனினைப் பிறப்பிப்பதே காரணம் என்கிறார்கள். பிராடிகைனின் டி.பி.ஏ.யை அழைக்கிறது, டி.பி.ஏ. பிராடிகைனினை அழைக்கிறது. அவசர ஊர்தியில் செல்லும்போதும் மாத்திரை அட்டையை உடன் எடுத்துச் செல்லச் சொல்வது இதனாலும்தான்.

அழகான விளக்கம் கிடைத்தவுடன் அதுவே முழுமை என்று நம்பிவிடுவது நம் போன்ற இலக்கியவாசிகளின் பழக்கம். அதற்கும் ஒரு மறுப்புக் கிடைத்தது. 2000இல் வெளிவந்த 'ஹோப்' ஆய்வில், இதய ஆபத்து மிகுந்த 9,297 பேருள் ராமிபிரில் என்னும் கத்தி மழுக்கி உண்டோரில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தோர் நூற்றுக்கு 14.0, வெற்று மாத்திரை உண்டோரில் 17.8. அழுத்தம் இறங்கியது சிறிதளவே. எனவே உறைவு கரைவதும் இந்தப் பயனில் பங்குடையதாகலாம் என்று பலரும் எண்ணினர். 2008இல் 'ஆன்டார்கெட்' ஆய்வு, இதே ராமிபிரிலையும் டெல்மிசார்டானையும் 25,000க்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டது. டெல்மிசார்டான் கத்தியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் பேசட்டும், கேட்கும் காதை மட்டும் மூடுவோம் என்னும் வகை. பிராடிகைனினுக்கு அதனால் நேர்நன்மை இல்லை. ஆயினும் இரு மருந்துகளின் பயனும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. ராமிபிரிலை இருமலால் கைவிட்டவர்கள் நூற்றுக்கு 4.2, டெல்மிசார்டானைக் கைவிட்டவர்கள் 1.1. ஒன்பதெழுத்துச் சொல்லின் மீது நமக்கு ஏற்பட்ட காதலை இந்த எண்கள் சற்றே தணித்தன. ஆய்வகத்தில் மெய்யானது அனைத்தும் வாழ்நாள் கணக்கில் அதே எடையுடன் வந்து நிற்பதில்லை.

தாயாருக்கு மாற்றிக் கொடுத்ததும் அந்தக் காதை மூடும் வகைதான், லோசார்டான். 1995 முதல் வழக்கில் உள்ள பழைய மருந்து. விலையும் பெரிதில்லை.

ஒரு தமிழாசிரியராக நாம் இதில் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்றுண்டு. மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது விற்பனைப் பெயர். அது கடைக்குக் கடை மாறும். சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரின் விகுதியைப் பாருங்கள். 'பிரில்' என முடிந்தால் கத்தியை மழுக்குவது. எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில். 'சார்டான்' என முடிந்தால் காதை மூடுவது, லோசார்டான், டெல்மிசார்டான். உங்கள் வீட்டு முதியவர் ஒருவர் 'பிரில்' விகுதி மருந்து உண்டு, காரணமறியாமல் வறட்டிருமல் இருமிக்கொண்டிருந்தால், அட்டையோடு மருத்துவரிடம் சென்று சொல்லுங்கள். மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டா. நிறுத்தினால் இருமல் போகும், அழுத்தம் திரும்பிவிடும். மாற்று இருக்கிறது.

தாயார் இந்தப் பாடத்தை எம் மாணவர்களை விட விரைவில் கற்றுக்கொண்டார். மருந்துக் கடையில் வேறு அட்டை கொடுத்தால், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஆங்கில எழுத்து அவருக்கு வராது, பேரனை அழைக்கிறார். "முன்னாடி என்ன இருந்தா என்னடா, கடைசியில என்ன போட்டிருக்கு, அதைப் படி."